தொடாதே என்று எழுதியிருந்தது

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் என்னைத் திட்டி எழுதியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. "பெற்ற பெண்ணிடமே ஒரு தாய் இப்படிப் புளுகலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடாதுதான். நானா புளுகச் சொன்னேன்? அந்தத் தாய் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். மறுநாளே தோல்வி என்று செய்தி வந்தது. மகள் கேட்டபோது, "ரிசல்ட் இன்னும் வரலடா கண்ணு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நம் இன்ஜினியரம்மா ஒரே பொய்யை ஒன்பது நாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் படிக்க உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் நெட்வொர்க் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியோ பாங்கோ, எங்கே இணைப்பு அறுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஒரே மகள், வயது பதினாலு. வாய் மூடாத காரணத்தால் சில்வண்டு.

அலுவலகத்தில் புதிதாக ஒரு மையம் திறக்கப் போகிறார்கள். அதற்குத் தலைமைப் பொறுப்பு அவளுக்குத்தான், நெட்வொர்க் வேலைக்கான பெரிய சான்றிதழ் ஒன்று மட்டும் கையில் இருந்தால். அதற்கான தேர்வில் மூன்று பகுதி. முதல் பகுதியில் எண்பத்தொன்று வாங்கினாள். மூன்றாவதில் எழுபத்தாறு. நடுப்பகுதியில் முட்டை. குறைந்த மார்க் என்றால்கூட மனசு ஆறும். இது முழு முட்டை. ஏன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டை வாங்குவதில்லை. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. மாஸ்டர் தானாகவே நிறுத்திவிட்டார்.

இனி பத்தாம் நாள்.

*

காலை ஆறு மணி. இன்ஜினியரம்மா எழுந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். பரீட்சைக்கு முன்னால் ஏழு மாதம் இந்த நேரத்தில் இந்த மேஜையில்தான் படித்தாள். இப்போது புத்தகங்களைப் பார்க்கவே பிடிக்காமல் அலமாரிக்குள் தள்ளிவிட்டிருந்தாள். அந்த இடத்தில் சில்வண்டின் பலகை கிடந்தது.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அவள் நாலு நாளாகத் தட்டிக்கொண்டிருந்த பலகை அது. முன்பக்கம் பன்னிரண்டு குட்டி பல்புகள், ஆறு சுவிட்சுகள். பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள். ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. "தொடாதே!!! தொட்டால் பேசமாட்டேன்."

சில்வண்டு பேசமாட்டேன் என்றால் அது மிரட்டலா வரமா என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இன்ஜினியரம்மா அந்தத் தாளைப் படித்தாள். இது மாஸ்டருக்கு எழுதியது என்று முடிவு செய்தாள். ஈர டம்ளரை எங்கே வேண்டுமானாலும் வைக்கிற மனிதர் அவர்தானே! சும்மா பார்க்கலாமே என்று சுவிட்சுகளைப் போட்டாள். பதினொரு பல்பு எரிந்தது. ஏழாவது எரியவில்லை.

"அடடா, பிள்ளை கவனிக்கல போல."

கைப்பையில் லிப்ஸ்டிக் இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பலகையைத் திருப்பினாள். ஏழாவது பல்பின் ஒயர் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. கழற்றி, இடம் மாற்றி, முறுக்கினாள். நாலே நிமிஷம். பன்னிரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. ஒன்பது நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அணைத்துவிட்டுப் பலகையை இருந்த மாதிரியே வைத்தாள்.

மாஸ்டர் கொட்டாவி விட்டபடி வந்தார். "படிக்க உக்காந்தியா?"

"இல்ல. டீ போடப் போறேன்."

"இதோ பாரும்மா, ரோடு வந்து..."

"ரோடு எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வாரமும் இங்கயேதான் இருக்கும்."

"இல்ல, முதல் தடவையே பாஸ் பண்ணவன் எல்லாம்..."

"நல்லா ஓட்டறவன் இல்ல. ஏங்க, நான் உங்க ஸ்டூடண்டா?"

பத்தொன்பது வருஷமாகத் தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதில் பாதி சம்பாத்தியம் செய்கிற மனிதர் மாஸ்டர். கைவசம் மூன்று வசனம் இருந்தது. மூன்றும் அவளுக்கு மனப்பாடம். சொந்தப் பெண்டாட்டிக்குச் சொல்லப் புதிதாக ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது அவரிடம்.

"மேலாளர் அடுத்த மாசம் பதினாலாம் தேதி மறுதேர்வுக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்காரு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியா வேணாமான்னு சொல்லணும். வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள்.

"ஏம்மா?"

"எங்க தப்புன்னே தெரியாம எதைத் திருப்பிப் படிக்கறது? எல்லாம் ஓடிச்சுங்க. ஒவ்வொண்ணா சோதிச்சு, என் கண்ணால பார்த்தேன். ஓடினதுக்கே பூஜ்ஜியம்னா, பன்னிரண்டு வருஷமா எனக்குத் தெரியும்னு நான் நெனச்சிட்டிருந்தது எல்லாமே பொய்யா?"

மாஸ்டர் அவள் தோளைத் தொட்டார். அவள் டீத்தூள் டப்பாவைத் திறந்தாள்.

அதற்குள் சில்வண்டு ஒரு கால் ஷூவோடு ஓடி வந்தது. "லேட்டு, லேட்டு! அப்பா, வண்டிய எடுங்க. யாராவது பலகையத் தொட்டீங்களா?"

"நான் பக்கத்துலயே போகலம்மா" என்றார் மாஸ்டர். இன்ஜினியரம்மா டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

பலகையைப் பழைய போர்வையில் சுற்றி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் சில்வண்டு திரும்பிப் பார்த்தது. "அம்மா, ரிசல்ட்?"

"இன்னும் வரலடா."

"சரி."

ஒரு கேள்விக்கு ஒன்பது துணைக்கேள்வி கேட்கிற பெண், சரி என்றதோடு போய்விட்டது. இன்ஜினியரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

*

பத்து மணிக்கு மாஸ்டரின் பயிற்சி வண்டியில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப்பல் அவர் கைக்கு வந்துபோயிருக்கிறது. டிரைவிங் டெஸ்டில் மட்டும் போன வாரத்தோடு மூன்றாவது தோல்வி.

பயிற்சி வண்டி என்றால் தெரியுமல்லவா? ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் மாஸ்டருடைய குலதெய்வம்.

"கவலைப்படாதீங்க டாக்டர். ரோடு எங்கயும்..."

"மாஸ்டர், நிறுத்துங்க."

"வண்டியவா?"

"பேச்ச. மூணு தடவை இதையே கேட்டாச்சு. பல்லு வலிக்குதுன்னு வர்றவன்கிட்ட, கவலைப்படாதே தம்பி, பல்லு எங்கயும் ஓடிப்போகாதுன்னு நான் சொன்னா என்னை விடுவானா? எந்தப் பல்லுன்னு கண்டுபிடிச்சாத்தானே அவன் தூங்குவான்! எனக்கு ஆறுதல் வேணாம். நான் எங்க தப்பு பண்றேன், அத மட்டும் சொல்லுங்க."

மாஸ்டருக்கு யாரோ முதுகில் தட்டிய மாதிரி இருந்தது. பல் டாக்டர் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் தலையை வெளியே நீட்டுகிறார் என்பது அவருக்கு முதல் வாரமே தெரியும். ஆனால் பெரிய டாக்டர், மனசு கஷ்டப்படுமே என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னார். பல் டாக்டர் இரண்டு தடவை திட்டினார், மூன்றாவது தடவை கண்ணாடியைப் பார்த்தே வண்டியை நேராகப் பின்னால் எடுத்துவிட்டார்.

"இத ஏன்யா அன்னைக்கே சொல்லல?" என்று சிரித்து, வியர்வையைத் துடைக்க டிஷ்யூ தேடி டாஷ்போர்டுப் பெட்டியில் கை வைத்தார்.

"அத திறக்காதீங்க!"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் பல் டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"இல்ல... மூடி கொஞ்சம் லூசு. கைய கடிச்சிடும்" என்று வழிந்தார் மாஸ்டர். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

*

மத்தியானம் ஒரு மணிக்கு மாஸ்டர் அலுவலக வாசலில் போய் நின்றார். இன்ஜினியரம்மா பதறிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னங்க? சில்வண்டுக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல. வண்டில ஏறு. சாப்டுக்கிட்டே பேசலாம்."

வண்டி நிறுத்துமிடத்தின் நிழலில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். வெண்ணெய் மட்டும் தடவியது. முட்டை வைத்த ரொட்டியைக் கடைக்காரர் எடுத்தபோது, வேண்டாம் என்று பாய்ந்து தடுத்திருந்தார்.

"ஆறுதல் சொல்ல வந்தீங்கன்னா நான் மேல போறேன்."

"சொல்லல. என் ஸ்டூடண்ட் ஃபெயிலாயிட்டு வந்தா நான் என்ன செய்வேன்? வண்டில ஏறினதுல இருந்து சொல்லுன்னு கேட்பேன். தப்பு அதுலயே தெரிஞ்சிடும். நீயும் அப்படியே சொல்லு. உள்ள போனது முதல்."

"உங்களுக்கு என்ன புரியும்?"

"பிரேக்கு புரியும், வண்டி புரியும், நீ புரியும். போதாதா?"

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சொல்ல ஆரம்பித்தாள். எட்டேகாலுக்கு உள்ளே விட்டார்கள். பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூலையில் குளிர் அதிகமான நாற்காலி. திரையில் முதல் பக்கம்.

"முதல் பக்கத்துல என்ன?"

"விதிமுறைங்க. எல்லாத் தேர்வுலயும் இருக்கறதுதான். அத விடுங்க."

"பெல்ட் போட்டதையே விட்டுட்டு சொல்றியே..."

"சொல்ல விடறீங்களா இல்லையா?"

மாஸ்டர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். அங்கேதான் தப்பு பண்ணினார் மனிதர். பத்தொன்பது வருஷ அனுபவம் சரியான பல்லின் மேல் கையை வைத்தது, அவள் கண்ணை உருட்டியதும் கையை எடுத்துவிட்டது.

நடுப்பகுதிக்கு வந்ததும் அவள் குரல் மாறியது. "ஊரோட இந்தக் கோடில ஒரு ஆபீஸ், அந்தக் கோடில ஒரு ஆபீஸ். ரெண்டையும் பேச வைக்கணும். வச்சேன். நாலு தடவை சோதிச்சேன். ஓடிச்சு. சத்தியமா ஓடிச்சுங்க."

கண்ணீர் பொலபொலவென்று ரொட்டிமேல் விழுந்தது. மாஸ்டருக்குத் தொண்டை வரை மூன்று வசனமும் வந்தன. மூன்றையும் விழுங்கிவிட்டு, அவள் கையிலிருந்த ஈர ரொட்டியை வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தார்.

"எனக்கும் எங்க தப்புன்னு தெரியலம்மா" என்றார். "தெரிஞ்சா நல்லாருக்கும்னு மட்டும் தெரியுது."

பத்து நாளில் அவர் சொன்னதிலேயே அவளுக்குப் பிடித்த வார்த்தை அதுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "நாலு மணிக்கு வாங்க. அந்தப் பலகைய அவ ஒருத்தியா தூக்க முடியாது, நானும் வரேன். வேணாம்னு மேலாளர்கிட்ட வழிலயே போன் பண்ணி சொல்லிடறேன்."

*

நாலரைக்குப் பள்ளிக்கூட வாசல். சில்வண்டு வந்த தோரணையே சரியில்லை. பலகையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, தானும் தொப்பென்று விழுந்து, கதவை அறைந்து சாத்தியது. வண்டி கிளம்பியது. மாஸ்டர் ஓட்டினார். இன்ஜினியரம்மா பக்கத்து இருக்கையில் இருந்தாள், காலடியில் அந்த இரண்டாவது பிரேக்.

"கண்காட்சி எப்படிடா இருந்துச்சு?"

சில்வண்டு பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"என்னாச்சு? பல்பு எரியலயா?"

"எரிஞ்சுச்சு!" சில்வண்டு வெடித்தது. "பன்னிரண்டும் எரிஞ்சுச்சு! யாரு அத சரி பண்ணது?"

மாஸ்டர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். இன்ஜினியரம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மா. உங்களத்தான். உங்க ஸ்க்ரூடிரைவரோட அச்சு ஆணில இருக்கு."

"ஏழாவது எரியலடா. ஒயர் பக்கத்து ஆணில மாட்டியிருந்துச்சு. நீ கவனிக்கலன்னு நெனச்சு..."

"நாந்தான்மா மாத்தி மாட்டினேன்! வேணும்னே! என் எக்ஸிபிட்டோட பேரே 'கோளாறைக் கண்டுபிடி'. அந்தப் பேரு எழுதின சார்ட் ஸ்கூல்ல இருந்துச்சு. எது எரியலன்னு பார்த்து, பின்னாடி எந்த ஒயர்ல தப்புன்னு சின்னக் கிளாஸ் பிள்ளைங்க கண்டுபிடிக்கணும். அந்தக் கோளாறுதான்மா கேள்வியே! அத போய் சரி பண்ணி வச்சிருக்கீங்க. திருப்பி மாத்த அங்க ஸ்க்ரூடிரைவரும் இல்ல. நாப்பது பேரு வந்து தேடினாங்க. இல்லாத கோளாற எங்கேர்ந்து கண்டுபிடிப்பாங்க? ஆறாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு, தனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சு அழுதுடுச்சு."

"ஐயோ..."

"தொடாதேன்னு எழுதி ஒட்டியிருந்தேனே, படிக்கலயா?"

"படிச்சேன்டா. அது அப்பாவுக்குன்னு நெனச்சேன்."

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார் மாஸ்டர்.

"தொடாதேன்னு போட்டா எப்பவுமே அது வேற யாருக்கோன்னு நெனச்சுக்கறீங்கம்மா நீங்க. பக்கத்து வீட்டு காலிங் பெல்ல சரி பண்ணீங்க. என் ஹேர் டிரையர சரி பண்ணி, சூடே வராம பண்ணீங்க. எது கோணலா இருந்தாலும் உங்க கை சும்மா இருக்காது. அது யாருதுன்னுகூட பார்க்க மாட்டீங்க."

இன்ஜினியரம்மாவின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

அடுத்த நொடி அவள் கால் அந்த இரண்டாவது பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது.

கிரீச்! நடுத்தெருவில் வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரனில் திட்டினார்கள்.

"அம்மாடி! என்னம்மா நீ? அத தொடாதேன்னு எத்தனை தடவை..." மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"முதல் பக்கம்" என்றாள் இன்ஜினியரம்மா.

"என்ன முதல் பக்கம்?"

"விதிமுறைங்க. நடுவுல இருக்கற மெஷின் வேற கம்பெனியோடது, பார்க்கலாம், எதையும் மாத்தக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். அப்புறம் வேலை செய்யறப்ப அந்த மெஷின்ல ஒரு நம்பர் தப்பா இருந்துச்சு. அறுபத்தி நாலு இருக்க வேண்டிய இடத்துல நாப்பத்தாறு. பார்த்ததும் கை போயிடுச்சு. திருத்திட்டேன். திருத்தினதுகூட மறந்து போச்சுங்க, அவ்வளவு சாதாரணமா செஞ்சேன்!" அவள் இரண்டு கையையும் விரித்து அந்நியர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அந்தத் தப்ப அப்படியே விட்டுட்டு, சுத்திக்கிட்டு வழி போடணும். அதான் கேள்வியே."

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, எதிர்ல ஒரு லாரி பழுதாகி நிக்குது. ஒதுங்கிப் போன்னு சொன்னா, நீ இறங்கிப் போய் லாரிய ரிப்பேர் பண்ணிட்டு வந்திருக்க?"

"ஆமாங்க."

"ரிப்பேர் நல்லா பண்ணியா?"

"ரொம்ப நல்லா பண்ணேன்."

மாஸ்டருக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். இன்ஜினியரம்மா சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. தெரிந்த வித்தை எதுவும் பொய்யில்லை. பன்னிரண்டு வருஷமும் பத்திரமாக இருக்கிறது. கை மட்டும்தான் அவசரப்பட்டிருக்கிறது. எனக்கே இதை எழுதும்போது அப்பாடா என்றிருக்கிறது.

சிரிப்பு அடங்கும்போதுதான் பின் இருக்கை ஞாபகம் வந்தது. இன்ஜினியரம்மா திரும்பினாள்.

"கண்ணு, ரிசல்ட் வந்து ஒன்பது நாளாச்சு. அம்மா ஃபெயில். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"ஒன்பது நாளா வீட்ல முட்டையே இல்ல. செவ்வாக்கிழமை அப்பா முட்டைன்னு சொல்ல வந்து, பாதில மூட்டைன்னு மாத்திக்கிட்டாரு. சாப்பாட்டு மேஜைல எதுக்குப்பா மூட்டை? நான் என்ன பச்சக்குழந்தையா?"

"அப்புறம் ஏன்டா தினமும் ரிசல்ட், ரிசல்ட்னு கேட்ட?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்." சில்வண்டின் உதடு துடித்தது. "சொல்லவே இல்ல நீங்க. நான் கணக்குல ஃபெயிலானப்ப உங்ககிட்டதான முதல்ல சொன்னேன்."

இன்ஜினியரம்மா இருக்கைகளுக்கு நடுவில் எக்கி மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பலகையின் மூலை இருவர் விலாவிலும் குத்தியது. "தப்புதான்டா. பலகையத் தொட்டதும் தப்பு, மறைச்சதும் தப்பு. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து அந்தப் பாப்பாகிட்ட நானே மன்னிப்பு கேக்கறேன்."

"கேளுங்க. கண்காட்சி நாளைக்கும் இருக்கு. ஒயர நான் மாத்தி மாட்டிக்கறேன்." கொஞ்சம் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சில்வண்டு சொன்னது, "மணி என்ன ஆச்சுன்னு பாருங்க. அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணணும்ல?"

"அது உனக்கு எப்படி..."

"சுவருக்கே காது இருக்கு. எனக்கு இருக்காதா?"

மணி நாலு ஐம்பத்தேழு. இன்ஜினியரம்மா போனை எடுத்தாள்.

"சார், பதினாலாம் தேதி இடம் எனக்கு வேணும்."

"நேத்து வேணாம்ங்கற மாதிரி பேசினீங்களே?"

"நேத்து எங்க தப்புன்னு தெரியல சார். இன்னைக்கு தெரிஞ்சிடுச்சு."

"எங்கம்மா?"

"கைல."

*

அந்த நிமிஷமே வண்டிக்குள் ஒரு கமிட்டி கூடிவிட்டது. தலைவர் சில்வண்டு.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு. பாடம் உங்களுக்குத் தெரியும். கைக்குத்தான் ட்ரெயினிங். நாளைல இருந்து வீட்ல தினமும் ஏதாவது ஒண்ண நான் கோணலா வைப்பேன். சுவர்க் கடிகாரத்த சாய்ச்சு வைப்பேன். குழாய சொட்ட விடுவேன். நீங்க அதையே பார்த்துக்கிட்டு, தொடாம படிக்கணும்."

"குழாய் வேணாம்டா. செத்துடுவேன்."

"குழாய்தான் முதல்ல. அப்பா, நீங்க சட்டை பட்டன மாத்திப் போடணும்."

"அதுக்கு நான் தனியா முயற்சி பண்ண வேண்டியதே இல்லம்மா" என்றார் மாஸ்டர். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "பதினாலாம் தேதி நானே கொண்டு போய் விடறேன். போன தடவை பஸ்ல போய் இடுப்பு போச்சுன்ன இல்ல? விடியக்காலைல கிளம்பிடலாம். சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருக்கேன்."

"உங்க கிளாஸ் எல்லாம்?"

"அன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார், கொஞ்சம் வேகமாக.

மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். "அப்பா, மூட்டை வாங்கலாமா?" என்றது சில்வண்டு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

இன்ஜினியரம்மா வண்டியிலேயே இருந்தாள். பத்து நாளாக இல்லாத பசி எடுத்தது. அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்றுகூட யோசனை ஓடியது. மேலாளர் சொன்ன பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள்.

பேனா இல்லை. வண்டி துடைக்கும் துணிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு கடிதம். மேலே அரசு முத்திரை, கீழே மாஸ்டரின் பெயர்.

"பயிற்றுநர் உரிமம் புதுப்பித்தல். கணினி வழி எழுத்துத் தேர்வு: தேர்ச்சி பெறவில்லை."

தேதியைப் பார்த்தாள். அவள் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால். அவள் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்த வாரம். அவர் டம்ளர் டம்ளராக டீ போட்டுக் கொண்டுவந்து வைத்த வாரம். தானும் தோற்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், இத்தனை நாளாக அவளுக்கு ஆறுதல் தேடி அலைந்திருக்கிறார் இந்த மனிதர்.

கடைசி வரியைப் படித்தாள். மறுதேர்வு, அவளுக்கு இருக்கும் அதே அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை ஒன்பது மணி. "வராதவர்களின் உரிமம் ரத்தாகும்."

கடைக்குள் மாஸ்டர் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டு அட்டையை நீட்டிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. இன்ஜினியரம்மாவின் விரல்கள் துறுதுறுத்தன. இறங்கி ஓடிப்போய் உலுக்கிக் கேட்க வேண்டும், ஏன் சொல்லவில்லை என்று. மேலாளருக்குப் போன் போட்டுத் தேதியை மாற்ற வேண்டும். அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு இவர் தேதியை மாற்ற வேண்டும். இப்போதே, இந்த நிமிஷமே, எல்லாவற்றையும் சரி பண்ண வேண்டும்.

'நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்' என்று அழுத குரல் இன்னும் வண்டிக்குள் இருந்தது.

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். துணிக்கு அடியில், இருந்த இடத்தில் வைத்தாள். பெட்டியை மூடிய சமயம் மாஸ்டர் இரண்டு கையிலும் முட்டை அட்டையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். அவர் கண் பெட்டிக்குப் போய், அவளிடம் திரும்பியது.

"என்னம்மா தேடின?"

"பேனா."

"அதுல பேனா கிடையாதே."

"கிடையாதுதான்" என்றாள் இன்ஜினியரம்மா. முட்டை அட்டையை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் எதையும் தொடலைங்க."